சிங்கப்பூர் வெக்கையில் ஒயின் பாட்டில்: தனி ஃபிரிட்ஜ் வாங்கலாமா, எதை வாங்கலாம்?

தங்கையின் கணவர் செங்காங்கில் புது வீட்டுச் சாவி வாங்கிய வாரம் என்னை அழைத்தார். “மச்சான், கிச்சன் கேபினெட்டுக்கு அளவெடுக்க நாளைக்கு ஆள் வருகிறார். ஒயின் ஃபிரிட்ஜுக்கு இடம் விடச் சொல்லட்டுமா, வேண்டாமா?” அவரிடம் அப்போது இருந்தவை 16 பாட்டில்கள். அடிலெய்டு போய்வந்தபோது வாங்கியவை சில, கல்யாணத்துக்கு நண்பர்கள் கொடுத்தவை சில, மிச்சம் பேரங்காடியில் வாங்கியவை.

நான் திருப்பி ஒரே ஒரு கேள்வி கேட்டேன். “மாப்பிள்ளை, அந்த 16-ல் அடுத்த தீபாவளிக்கு எத்தனை மிச்சமிருக்கும்?”

விலை, அளவு, பிராண்டு எல்லாம் இந்தக் கேள்விக்குப் பிறகு வருகிறவை. இதே குழப்பத்தில் இருக்கும் பலர் கடைக்குப் போய்க் கண்ணாடிக் கதவையும் நீல விளக்கையும் பார்த்து முடிவெடுத்துவிடுகிறார்கள். நம் ஊர் வெயிலுக்கு அந்தப் பெட்டி தாங்குமா என்பதை யாரும் கேட்பதில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

## முதலில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்

எவ்வளவு நாள் வைத்திருக்கப் போகிறீர்கள். விற்கிற ஒயினில் பெரும்பகுதி வாங்கிய ஓரிரு ஆண்டுக்குள் குடிப்பதற்காகவே செய்யப்படுவது. ஆண்டுக்கணக்கில் வைத்து முதிரவிட்டால் மேலும் நன்றாகும் ஒயின் கொஞ்சம்தான். வாங்குவதை எல்லாம் மாதத்துக்குள் முடித்துவிடுகிற வீட்டுக்கும், ஐந்து ஆண்டு கழித்துத் திறக்க ஆசைப்படுகிற வீட்டுக்கும் ஒரே பதில் பொருந்தாது.

வெப்பநிலை, அது ஆடாமல் நிற்பது. ஒயினை வைக்கச் சரியான வெப்பநிலை 12 முதல் 14 டிகிரி. சிவப்பு, வெள்ளை, ஷாம்பெய்ன் எல்லாவற்றுக்கும் வைக்கிற வெப்பநிலை ஏறக்குறைய ஒன்றுதான். பரிமாறுகிற வெப்பநிலைதான் வேறு வேறு. 14-ல் வைப்பதா 15-ல் வைப்பதா என்று கவலைப்படுவதை விட, பகலில் ஏறி இரவில் இறங்காமல் பார்ப்பது முக்கியம். சூடேறினால் ஒயின் விரிந்து கார்க்கை நெருக்கும், குளிர்ந்தால் சுருங்கி வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். தினமும் இது நடந்தால் கார்க் தளர்ந்துபோகும்.

ஈரப்பதம். 60, 70 விழுக்காடு இருந்தால் கார்க் காயாது. பாட்டிலைப் படுக்கவைப்பதும் இதற்காகத்தான். திருகுமூடி போட்ட பாட்டிலுக்கு இந்தக் கவலை இல்லை. ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கு ஒயின்காரர்கள் பலர் 2000-ஆம் ஆண்டு ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயினை ஒன்றாகத் திருகுமூடிக்கு மாற்றினார்கள். இன்று நாம் இங்கே வாங்கும் ஆஸ்திரேலிய, நியூஸிலாந்து பாட்டில்களில் பல அப்படித்தான் வருகின்றன. உங்கள் பாட்டில்களில் கார்க் எத்தனை, திருகுமூடி எத்தனை என்று ஒரு தடவை எண்ணிப் பாருங்கள்.

வெளிச்சமும் அதிர்வும். இருட்டு நல்லது. அதிர்வு இல்லாமலிருப்பதும் நல்லது.

பெட்டி நிற்கப்போகும் இடத்தின் சூடு. வெளிநாட்டு ஒப்பீடுகளில் இதற்கு ஒரு வரிதான் இருக்கும். நமக்கு இதுதான் முதல் கேள்வி.

மொத்தச் செலவு. இங்கே ஒயினுக்குக் கலால் வரி, ஒரு லிட்டர் ஆல்கஹாலுக்கு 88 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). 14 விழுக்காடு ஆல்கஹால் உள்ள 750 மில்லி பாட்டிலில் ஆல்கஹால் மட்டும் 105 மில்லி. ஆக, பாட்டிலுக்கு 9 வெள்ளி 24 காசு வரி, அதற்கு மேல் 9 விழுக்காடு பொருள், சேவை வரி. இவ்வளவு கொடுத்து வாங்கியது கெட்டுப்போனால் வயிறு எரியத்தான் செய்யும். அதே சமயம், அதைக் காப்பாற்றும் பெட்டிக்கும் ஒரு விலை இருக்கிறது. அந்தக் கணக்கைப் பிறகு போடுவோம்.

## எதுவும் வாங்காமல்: ஸ்டோர் ரூம், பாம் ஷெல்டர்

1990களின் கடைசியிலிருந்து கட்டப்பட்ட வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் கனமான இரும்புக் கதவோடு பாம் ஷெல்டர், அதாவது குண்டுவீச்சிலிருந்து ஒதுங்குவதற்கான சின்ன அறை, இருக்கிறது. இருட்டாக இருக்கும், வெயில் படாது, ஆள் நடமாட்டம் கிடையாது. பார்த்தால் ஒயினுக்கென்றே கட்டிய அறை போலத் தோன்றும்.

எங்கள் பழைய வீட்டில் பரோசா ஷிராஸ் என்ற ஆஸ்திரேலியச் சிவப்பு ஒயின் ஆறு பாட்டிலை அட்டைப்பெட்டியோடு அங்கே வைத்தேன். பதினான்கு மாதம் கழித்து எடுத்தபோது இரண்டு பாட்டிலின் தலையில் சுற்றிய தகடு குமிழ் போல் உப்பியிருந்தது. கிழித்துப் பார்த்தால் கார்க் ஒரு நெல்மணி உயரத்துக்கு மேலே தள்ளியிருந்தது. ஓரத்தில் கசிந்த ஒயின் காய்ந்து விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. லேபிள் மேல் ஊதா நிறத்தில் ஒரு கோடு. ஊற்றிக் குடித்தால் பழவாசம் போய், வேகவைத்த உலர்திராட்சை வாசம்தான் மிஞ்சியிருந்தது.

காரணம் எளிது. கான்கிரீட் அறை வெயிலைத் தடுக்கும், வெக்கையைத் தடுக்காது. இந்த ஊரில் ஆண்டு முழுக்க இரவில்கூட 24, 25 டிகிரி. மூடிய அறையில் 28, 29-க்குக் கீழே இறங்குவது அரிது.

இது யாருக்குச் சரி? வாங்கி மூன்று நான்கு வாரத்தில் குடித்துவிடுகிறவர்களுக்கு. மாலை வெயில் படாத அலமாரியின் அடித்தட்டில், படுக்கவைத்து, அட்டைப்பெட்டியை மூடி வையுங்கள். அது போதும், செலவே கிடையாது. ஏர்கான் இரவில் மட்டும் ஓடும் படுக்கையறையில் மட்டும் வைக்காதீர்கள். நான் சொன்ன ஏற்ற இறக்கம் அங்கேதான் அதிகம்.

## வீட்டில் ஏற்கெனவே இருக்கும் ஃபிரிட்ஜ்

சமையலறை ஃபிரிட்ஜ் 3, 4 டிகிரியில் ஓடும். அந்தக் குளிரில் ஒயின் கெடாது, முதிராமல் அப்படியே நிற்கும். பிரச்சினை வறட்சிதான். பனி பிடிக்காத ஃபிரிட்ஜ் உள்ளே இருக்கும் ஈரத்தை எல்லாம் இழுத்துவிடும், மாதக்கணக்கில் போனால் கார்க் காயும். ஒன்றிரண்டு மாதம் வரை பயமில்லை. வெள்ளை, ஷாம்பெய்ன், திறந்து மீதமான பாட்டில் இவற்றுக்கு இதை விட நல்ல இடம் இல்லை. சிவப்பைக் குடிப்பதற்கு அரை மணி நேரம் முன்னால் வெளியே எடுத்துவைத்தால் நம் சூட்டுக்கு அது தானாகச் சரியான நிலைக்கு வந்துவிடும்.

இன்னொரு சங்கதி, நம் வீடுகளுக்கே உரியது. என் அம்மாவுக்கு, தேக்காவில் சாமிக்கு வாங்கிவந்த மல்லிகைச் சரத்துக்குப் பக்கத்தில் மது பாட்டில் இருப்பது பிடிக்காது. அவர் சொல்வது எனக்கும் நியாயமாகத்தான் படுகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே தனிப் பெட்டி வாங்கிய இரண்டு குடும்பங்களை எனக்குத் தெரியும். ஒயினின் முதிர்ச்சியைப் பற்றி அவர்கள் யோசிக்கவே இல்லை. அவர்களுக்குச் சின்னப் பெட்டியே போதும்.

சிலர் பழைய சின்ன ஃபிரிட்ஜ் ஒன்றை வாங்கி, வெளியே செருகும் தெர்மோஸ்டாட்டைப் பிளக்குக்கு நடுவில் மாட்டி 13 டிகிரியில் நிறுத்துகிறார்கள். குமிழ் திருகும் பழைய மாதிரி ஃபிரிட்ஜாக இருந்தால் இது வேலை செய்யும். ஆனால் கம்ப்ரஸர் அரிதாகவே ஓடுவதால் உள்ளே ஈரம் தங்கி லேபிளில் பூஞ்சை பிடிக்கும். தட்டுகளும் பாட்டிலைப் படுக்கவைக்கத் தோதாக இருக்காது. கையால் எதையாவது செய்து பார்ப்பதில் ஆர்வம் உள்ளவருக்கு மட்டும் சொல்வேன்.

## பெல்டியர் பெட்டி

கடையில் விலை குறைவாக, 6 முதல் 18 பாட்டில் வரை கொள்ளும் அழகான சின்னப் பெட்டிகளில் பல இந்த வகை. உள்ளே கம்ப்ரஸரும் கிடையாது, வாயுவும் கிடையாது. இரண்டு வேறு உலோகங்கள் சேரும் இடத்தில் மின்சாரம் பாய்ந்தால் அங்கே குளிரோ சூடோ உண்டாவதை 1834-ல் பிரான்ஸைச் சேர்ந்த பெல்டியர் கண்டார். அதே தத்துவத்தில் இயங்கும் தகடு ஒன்று உள்ளிருக்கும் சூட்டை எடுத்து வெளியே தள்ளுகிறது, விசிறி அதை விரட்டுகிறது. அதிர்வு கிடையாது. குளிர்ந்த ஊர்களில் நல்ல பெட்டி.

இங்கே என்ன ஆகிறது என்றால், இந்தத் தகட்டால் அறையின் சூட்டிலிருந்து ஏறக்குறைய 15, மிஞ்சிப்போனால் 20 டிகிரிதான் இறக்க முடியும். அறை 22 டிகிரியாக இருக்கும் ஊரில் 12-க்கு வருவது சுலபம். மதியம் 32 டிகிரி இருக்கும் நம் கூடத்தில் அது மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடியும் 15, 16-ஐத்தான் எட்டும். பழையதாகி விசிறியில் தூசி சேர்ந்தால் அதுவும் இல்லை.

தெம்பனிஸில் ஒரு நண்பர் வீட்டுப் பெட்டியின் முகப்பில் 12 என்று எண் ஒளிர்ந்துகொண்டிருந்தது. எனக்குச் சந்தேகம். ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு நடுத்தட்டில் வைத்துவிட்டு மறுநாள் மதியம் பார்த்தோம்: 19. முகப்பில் தெரிந்தது நாம் கேட்ட எண், உள்ளே இருக்கும் எண் இல்லை. இரவு ஏர்கான் போட்ட பிறகு அதே தண்ணீர் 14-க்கு வந்தது. தினம் ஐந்து டிகிரி ஏறி இறங்கினால், அந்தப் பெட்டியில் ஆண்டுக்கணக்கில் எதையும் வைக்க முடியாது.

மின்செலவும் மறைந்திருக்கிறது. விரும்பிய குளிர் எட்டாததால் அது நிற்காமல் ஓடும். 70 வாட் பெட்டி 24 மணி நேரமும் ஓடினால் ஆண்டுக்கு 613 யூனிட். யூனிட் 30 காசு என்று வைத்தால் 184 வெள்ளி. வாங்கிய விலையையே சில ஆண்டுகளில் மின்கட்டணமாகத் திரும்பக் கட்டிவிடுவீர்கள்.

நாள் முழுக்க ஏர்கான் ஓடும் அறை உங்களிடம் இருந்து, பத்துப் பாட்டிலைச் சில மாதம் வைத்தால் போதும் என்றால் வாங்கலாம். மற்றவர்களுக்கு வேண்டாம் என்பேன்.

## கம்ப்ரஸர் ஒயின் ஃபிரிட்ஜ்

நம் வீட்டு ஃபிரிட்ஜ் மாதிரியே வேலை செய்வது. 5 முதல் 18, 20 டிகிரிக்குள் நிறுத்திவைக்கும்படி அமைத்தது. பிரான்ஸின் யூரோகேவ் 1976-ல் வீட்டுக்கான ஒயின் அலமாரியைக் கொண்டுவந்தது. இன்று சில நூறு வெள்ளியில் தொடங்கிப் பல ஆயிரம் வரை கிடைக்கின்றன. ஓராண்டுக்கு மேல் வைக்கப்போகிறவர் வீட்டில் வைத்துக்கொள்ள உண்மையான வழி இதுதான். அதனால் இதில் எதைப் பார்த்து வாங்குவது என்று நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் பெட்டியின் உட்சுவரிலோ முதுகிலோ ஒட்டியிருக்கும் சின்னத் தகட்டைப் படியுங்கள். அதில் ‘கிளைமேட் கிளாஸ்’ என்று ஒரு குறி இருக்கும். எஸ்என் (SN), என் (N) என்ற குறிகள் அறைச் சூடு 32 டிகிரி வரைக்கும்தான். எஸ்டி (ST) என்றால் 38 வரை, டி (T) என்றால் 43 வரை. 2023 மே மாதம் ஆங் மோ கியோவில் 37 டிகிரி பதிவானது. அடுப்புக்கு அருகே, மேற்குச் சுவரோரம், துணி காயவைக்கும் இடம் இங்கெல்லாம் 32 சாதாரணமாகத் தாண்டும். எஸ்டி அல்லது டி குறி இல்லாவிட்டால் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் நகர்ந்துவிடுங்கள். விற்பனையாளருக்குத் தெரியாவிட்டால் நீங்களே கதவைத் திறந்து பாருங்கள், யாரும் தடுக்க மாட்டார்கள்.

இரண்டாவது, பாட்டில் எண்ணிக்கை. ‘28 பாட்டில்’ என்று எழுதியிருப்பது மெலிந்த தோள் நிமிர்ந்த போர்தோ பாட்டிலை வைத்துக் கணக்கிட்டது. புர்கண்டி பாட்டில் இடுப்பு பெருத்தது, ஷாம்பெய்ன் அதை விடப் பெருத்தது. புர்கண்டி பாட்டிலில் வரும் பினோ நுவாரும் ஷாம்பெய்னும் கலந்து வாங்குகிறவருக்கு 28 என்பது 20, 21-தான். தட்டு வெளியே இழுக்கும்போது லேபிளைச் சுரண்டுகிறதா என்று உங்கள் வீட்டிலிருந்து ஒரு பெரிய பாட்டிலைக் கொண்டுபோய்ச் சோதிப்பது தப்பே இல்லை.

மூன்றாவது, கண்ணாடிக் கதவு. நம் காற்றில் ஈரம் அதிகம். எதன் மேற்பரப்பு 24 டிகிரிக்குக் கீழே போனாலும் அதில் நீர் துளிக்க ஆரம்பிக்கும். ஒற்றைக் கண்ணாடி, மலிவான இரட்டைக் கண்ணாடி போட்ட பெட்டிகளின் கதவு மழைநாளில் வியர்த்து வடியும். ஒரு வீட்டில் அடியில் மடித்த துண்டு எப்போதும் கிடக்கிறது, பக்கத்து மரத்தரை உப்பிவிட்டது. வெப்பத்தைத் தடுக்கும் பூச்சுள்ள இரட்டைக் கண்ணாடியோ மூன்றடுக்குக் கண்ணாடியோ கேளுங்கள். பாட்டிலைப் பார்க்கும் ஆசை இல்லாதவருக்குக் கண்ணாடி இல்லாத மூடிய கதவு எல்லா வகையிலும் மேல்: குளிர் நிற்கும், வெளிச்சம் புகாது, கதவு வியர்க்காது.

சத்தம் 40 டெசிபல் என்று எழுதியிருந்தால் பகலில் கேட்காது. இரவில் கூடத்தில் படுப்பவர் இருந்தால் கேட்கும்.

### ஒரு வெப்பநிலையா, இரண்டா?

மேலே வெள்ளைக்கு 8, கீழே சிவப்புக்கு 16 என்று இரண்டு அறை உள்ள பெட்டிகள் விலை கூடுதல். இது பரிமாறுகிற வசதிக்கானது. வாரம் இரண்டு மூன்று தடவை விருந்தாளி வருகிற வீட்டுக்கு மிகவும் உதவும். வைத்து முதிரவிடுவதே நோக்கம் என்றால் எல்லாவற்றையும் 12, 13-ல் வைத்தால் போதும். வெள்ளையைக் குடிப்பதற்கு முன் ஐஸ் வாளியில் கால் மணி நேரம், சிவப்பை மேசையில் கால் மணி நேரம், அவ்வளவுதான். சிவப்பு ஒயினை ‘அறை வெப்பத்தில்’ குடிக்க வேண்டும் என்ற பேச்சு ஐரோப்பாவின் குளிர்ந்த கல்வீடுகளில் பிறந்தது. அந்த அறை 17, 18 டிகிரி. நம் அறை 30. இரண்டு அறைப் பெட்டியில் நடுத்தடுப்பு இடத்தையும் தின்னும், பழுதாகக்கூடிய பாகங்களும் கூடும்.

### தனியாக நிற்பதா, கேபினெட்டுக்குள்ளா?

தனியாக நிற்கும் பெட்டி பின்புறமோ பக்கவாட்டிலோ சூட்டைத் தள்ளும். அதைக் கேபினெட்டுக்குள் அடைத்தால் சூடு வெளியேற வழியில்லாமல் கம்ப்ரஸர் சீக்கிரம் போய்விடும், உத்தரவாதமும் செல்லாது. உள்ளே வைக்கவென்றே செய்தது காற்றை முன்பக்கம், அடியில் உள்ள சல்லடை வழியாக விடும். பார்க்க மிக அழகு. ஆனால் விலை கூடுதல், தச்சு வேலைக்கும் கூடுதல். எட்டுப் பத்து ஆண்டில் அது பழுதானால் அதே அளவில் இன்னொன்று தேட வேண்டும். நிறையப் பேர் இதை யோசிக்காமல் கேபினெட் போட்டுவிட்டு அப்புறம் மாட்டிக்கொள்கிறார்கள். பாம் ஷெல்டருக்குள் பெட்டியை வைத்துக் கதவை மூடுவதும் இதே தவறுதான், அது தள்ளும் சூடு அந்தச் சின்ன அறையிலேயே தங்கும்.

### இப்போது கணக்கு

800 வெள்ளிப் பெட்டி எட்டு ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு 100. மின்சாரம் ஆண்டுக்கு 150 யூனிட் என்றால் 45 வெள்ளி. ஆக 145. சராசரியாக 29 பாட்டில் இருந்தால், ஒரு பாட்டிலை ஓராண்டு வைக்க 5 வெள்ளி. பத்துப் பாட்டில்தான் இருக்கும் என்றால் 14 வெள்ளி 50 காசு. ஆண்டுக்கு 5 வெள்ளி என்ற கணக்கிலேயே, 25 வெள்ளிப் பாட்டிலை ஐந்து ஆண்டு வைத்தால் வைப்புச் செலவே பாட்டில் விலைக்குச் சமம். 80 வெள்ளிப் பாட்டிலுக்கு அது தாங்கும். பாதி காலியாக இருக்கும் பெரிய பெட்டிதான் இதில் மிக விலை உயர்ந்தது. நிறைந்த பெட்டி வெப்பநிலையையும் நன்றாகப் பிடித்துவைக்கும்.

## வெளியே வாடகைக்கு வைப்பது

சிங்கப்பூரில் குளிரும் ஈரமும் கட்டுப்படுத்திய ஒயின் கிடங்குகள் உண்டு. பெட்டிக்கு மாதம் இவ்வளவு என்று வாடகை. வரி கட்டாத ஒயினை உரிமம் பெற்ற கிடங்கில் வைத்தால், வெளியே எடுக்கும்போதுதான் கலால் வரியும் பொருள், சேவை வரியும் கட்ட வேண்டும். பத்து ஆண்டுக்கு மேல் வைக்க நினைப்பவர், அடிக்கடி வீடு மாறுபவர், பிள்ளை பிறந்த ஆண்டின் ஒயினை அவர்களுடைய 21-ஆவது பிறந்தநாளுக்கு வைக்க ஆசைப்படுபவர் இவர்களுக்கு வீட்டுப் பெட்டியை விட இது நிம்மதி. குறைந்தபட்ச மாதக் கணக்கு, எடுக்கக் கட்டணம், வீட்டுக்குக் கொண்டுவரக் கட்டணம், காப்பீடு எதுவரை என்பதை எல்லாம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை இரவு திடீரென்று ஒரு பாட்டில் திறக்க நினைத்தால் அது முடியாது.

## ஒரு பார்வையில்

| வழி | நம்பி வைக்கக்கூடிய காலம் | மறைந்திருக்கும் செலவு | யாருக்கு ஏற்றது |
|---|---|---|---|
| அலமாரி, பாம் ஷெல்டர் | சில வாரம் | கெட்டுப்போகும் பாட்டில் | வாங்கியதும் குடிப்பவர் |
| சமையலறை ஃபிரிட்ஜ் | ஒன்றிரண்டு மாதம் | இடம் | வெள்ளை, ஷாம்பெய்ன் அதிகம் வாங்குபவர் |
| பெல்டியர் பெட்டி | சில மாதம், ஏர்கான் அறையில் மட்டும் | மின்கட்டணம் | நாள் முழுக்கக் குளிரூட்டும் அறை உள்ளவர் |
| கம்ப்ரஸர், ஒரு வெப்பநிலை | பல ஆண்டு | காலி இடம், வியர்க்கும் கதவு | 20 பாட்டிலுக்கு மேல், ஓராண்டுக்கு மேல் |
| கம்ப்ரஸர், இரு வெப்பநிலை | பல ஆண்டு | கூடுதல் விலை, குறைந்த இடம் | அடிக்கடி விருந்து வைப்பவர் |
| வாடகைக் கிடங்கு | பத்து ஆண்டும் அதற்கு மேலும் | எடுக்கும் கட்டணம் | நீண்டகாலச் சேகரிப்பாளர் |

## மாப்பிள்ளை என்ன செய்தார்

அன்றிரவு இருவரும் வீடியோவில் பாட்டில்களை எண்ணினோம். ஒன்பது திருகுமூடி, தீபாவளிக்குள் முடிந்துவிடுபவை. மீதி ஏழில் மூன்றைப் பத்தாவது திருமண நாளுக்கு வைக்க ஆசை என்றார். ஆண்டுதோறும் அடிலெய்டு போவதால் இன்னும் சேரும் என்றும் சொன்னார். அப்படியென்றால் கம்ப்ரஸர் வாங்கலாம், ஆனால் அவசரம் இல்லை. மறுநாள் வந்தவரிடம் கேபினெட்டில் இடம் விடச் சொல்லவில்லை. சாப்பாட்டு மேசை மூலையில், வெயில் வராத சுவரில் ஒரு பிளக் பாயின்ட் மட்டும் போடச் சொன்னோம்.

நான்கு மாதம் கழித்துத் தனியாக நிற்கும் 28 பாட்டில் பெட்டி வாங்கினார். ஒரே வெப்பநிலை, டி குறி, மூடிய கதவு. வெளிநாட்டு இணையக் கடையில் மலிவாக ஒன்று இருந்தது. சிங்கப்பூரின் சேஃப்டி மார்க் என்ற பாதுகாப்பு முத்திரை இல்லாததால் விட்டுவிட்டோம். வந்திறங்கிய பெட்டியை ஒரு நாள் முழுக்க நிமிர்த்தி நிற்கவிட்டு, சுவரிலிருந்து பத்து சென்டிமீட்டர் தள்ளி வைத்து, பிறகுதான் செருகினோம். மேலும் இரண்டு நாள் வெறும் தண்ணீர் பாட்டில்களோடு ஓடியது. மூன்றாம் நாள் மதியம், வெளியே 33 டிகிரி அடிக்கும்போது, டம்ளரில் கிடந்த தெர்மாமீட்டரை எடுத்துப் பார்த்தோம். பெட்டியில் வைத்த எண் 12, தண்ணீர் காட்டியது 13.4. எண்ணை ஒரு டிகிரி குறைத்துவிட்டு, திருமண நாளுக்கான மூன்றையும் முதலில் அடித்தட்டில் அடுக்கினார்.